மழைக் கணக்கும் அந்துப்பூச்சியும்: பினாங்கில் புதிதாகப் பயிர் செய்வோருக்கான வழிகாட்டி

பாலிக் பூலாவிலோ சுங்கை பாக்காப்பிலோ நிபோங் திபாலிலோ சிறு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சவிக் கீரையும் கோபிசும் (முட்டைக்கோசும்) கத்தரியும் பயிற்றங்காயும் மக்காச்சோளமும் போடத் தொடங்கியிருப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. இலையையும் காயையும் தின்னும் புழுக்களில் பெரும்பாலானவை அந்துப்பூச்சிகளின் இளம் பருவமே. புழு கண்ணில் பட்ட பிறகு மருந்துக் கடைக்கு ஓடுவது ஒரு வழி. அந்துப்பூச்சி எந்த வாரத்தில் பெருகும் என்பதை வானிலையைக் கொண்டு முன்கூட்டியே ஊகித்து, அந்த வாரத்தில் மட்டும் கவனத்தையும் செலவையும் கூட்டுவது இன்னொரு வழி. இங்கே பேசப்படுவது இரண்டாவது வழி. இதற்குப் பெரிய கருவிகள் எதுவும் தேவையில்லை. ஒரு குறிப்பேடும், மழை அளக்கும் ஒரு தகர டின்னும், இரண்டொரு பொறிகளும், வாரம் இருமுறை செடிகளுக்கு முன்னால் குந்தி உட்காரும் பொறுமையும் போதும்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பூச்சி முன்னறிவிப்பைப் பற்றிக் கிடைக்கும் எழுத்துகளில் பல, குளிர்நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே பனிக்காலம் பூச்சிகளைக் கொல்கிறது அல்லது உறங்க வைக்கிறது; இளவேனில் எவ்வளவு விரைவில் சூடேறுகிறது என்பதைப் பொறுத்து அந்த ஆண்டின் பூச்சித் தொல்லை அமைகிறது. பினாங்கில் ஜனவரியானாலும் ஜூலையானாலும் இரவில் ஏறத்தாழ 24 பாகை செல்சியசும் பகலில் 31, 32 பாகையும் இருப்பதால், இங்குள்ள அந்துப்பூச்சிக்கு ஓய்வுக்காலம் என்று ஒன்று கிடையாது. வெப்பம் அதன் வளர்ச்சியின் வேகத்தை நிர்ணயிக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வேகம் ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒன்றே. எண்ணிக்கையை ஏற்றுவதும் இறக்குவதும் மழைதான்: எவ்வளவு பெய்தது, எந்த நேரத்தில் பெய்தது, எத்தனை நாள் பெய்யாமல் விட்டது என்ற மூன்றும்தான். ஆகவே நம் ஊரில் வெப்பமானியைவிட மழைமானிக்கே முதல் மரியாதை.

முதல் படி: உங்கள் பூச்சி எங்கே வாழ்கிறது என்று பாருங்கள்

எல்லா அந்துப்பூச்சிகளும் மழைக்கு ஒரே மாதிரி அடங்குவதில்லை. புழு இலையின் மேல் வெளிப்படையாக வாழ்கிறதா, தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்து வாழ்கிறதா என்பதே முதற்கேள்வி. வெளியே வாழ்வதை மழை அடித்துக் கழுவும். உள்ளே வாழ்வதை மழை தொடாது.

வெளியே வாழ்பவற்றுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, சவியையும் கோபிசையும் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி. மாலையில் செடியை இலேசாக அசைத்தால், அரிசி மணியை விடச் சற்றே நீளமான சாம்பல் பழுப்பு நிறப் பூச்சிகள் தாழப் பறந்து பக்கத்துச் செடியில் உட்காரும். உட்கார்ந்திருக்கும் ஒன்றை மேலிருந்து பார்த்தால், மடித்த சிறகுகளின் ஓரங்கள் சேரும் இடத்தில் வெளிர்நிறக் கட்டங்கள் வரிசையாகத் தெரியும். முட்டைகள் மஞ்சள் நிறத்தில், குண்டூசித் தலையைவிடச் சிறியவையாக, இலை நரம்பின் ஓரமாகத் தனித்தனியாகவோ இரண்டு மூன்றாகவோ இருக்கும். பொரித்த புழு முதல் சில நாள்கள் இலையின் சதைக்குள் துளைத்து வாழும். அதன் பிறகு வெளியே வந்து இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டும். மேல்தோலை மட்டும் விட்டுவைப்பதால் இலையில் கண்ணாடிச் சன்னல் போன்ற திட்டுகள் தோன்றும். விரலால் தொட்டால் புழு பின்னோக்கி நெளிந்து, ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கீழே தொங்கும். மழையில் அந்த நூல் அதைக் காப்பாற்றுவதில்லை: பெருந்துளிகள் விழும்போது புழு நூலோடு கழன்று மண்ணில் விழுகிறது, அல்லது இலைக்குருத்தில் தேங்கிய நீரில் மூழ்குகிறது. பலத்த மழை தொடர்ந்த வாரத்தில் சவிப் பாத்தி சுத்தமாகத் தெரிவதற்கும், மழையே இல்லாத பிப்ரவரியில் அதே பாத்தி சல்லடையாவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

உள்ளே வாழ்பவற்றில் கத்தரித் தண்டு மற்றும் காய்த்துளைப்பானை முதலில் சொல்ல வேண்டும். முட்டையிலிருந்து வந்த புழு சில மணி நேரத்துக்குள் இளந்தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்துவிடும். அதன் பிறகு மழையும் அதற்கு ஒன்றுதான், நீங்கள் தெளிக்கும் மருந்தும் ஒன்றுதான். வாடித் தொங்கும் தண்டு நுனிகளை வாரந்தோறும் கிள்ளி, தோட்டத்துக்கு வெளியே அழித்துவிடுவதைத் தவிர இதற்கு எளிய வைத்தியம் இல்லை. பயிற்றங்காயின் பூவுக்குள் வலைபின்னி ஒளியும் காய்த்துளைப்பானும், வெண்டையைக் குடையும் புள்ளிக் காய்ப்புழுவும் இதே கூட்டம். வானிலைக் குறிப்பைக் கொண்டு இவற்றைக் கணிப்பது கடினம். இவற்றுக்குச் செடியைப் பார்ப்பதே கணிப்பு.

மக்காச்சோளத்தின் படைப்புழு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இது 2016-இல் ஆப்பிரிக்காவிலும், 2018-இல் இந்தியாவிலும், 2019-இல் மலேசியாவிலும் கண்டறியப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, உடலின் செதில்களால் போர்த்திவைக்கும். இளம்புழுக்கள் இலையின் மேல் பரவியிருக்கும் முதல் சில நாள்களில் ஒரு நல்ல மழை அவற்றில் பெரும்பகுதியை அழித்துவிடும். வளர்ந்த புழு குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் போன்ற தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொண்ட பிறகு மழைக்கு அவ்வளவாக அஞ்சாது. புழுவின் நெற்றியில் தலைகீழாகக் கவிழ்த்த கவட்டை போன்ற வெளிர்நிறக் கோடும், வால் பக்கத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அது இதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

இரண்டாம் படி: பினாங்கின் மழையாண்டைப் படித்துக்கொள்ளுங்கள்

பினாங்குக்கு ஆண்டுக்குச் சுமார் 2,400 மி.மீ. மழை கிடைக்கிறது, ஆனால் அது பன்னிரண்டு மாதங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. கிளந்தானிலும் திரங்கானுவிலும் வடகிழக்குப் பருவமழை வெள்ளமாகக் கொட்டும் டிசம்பரில், தித்திவாங்சா மலைத்தொடரின் மறைவில் இருக்கும் வடமேற்குக் கரைக்கு வறட்சியே மிஞ்சுகிறது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மாத மழை வழக்கமாக 100 மி.மீ.-ஐக்கூட எட்டுவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பருவக்காற்று மாறும்போது பிற்பகல் இடியோடு மழை திரும்புகிறது. ஜூன், ஜூலையில் சற்றுத் தணிகிறது. செப்டம்பர், அக்டோபரில் உச்சத்தைத் தொட்டு மாதத்துக்கு 300 மி.மீ.-ஐத் தாண்டுகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஐப்பசி, கார்த்திகையை மழைக்காலமாக மனத்தில் வைத்திருப்பார்கள். இங்கே ஐப்பசி பாதி ஒத்துவரும். மார்கழியும் தையும் முற்றிலும் வேறு.

இலையின் மேல் வாழும் புழுக்களுக்கு இந்த ஆண்டில் இரண்டு வாய்ப்புகள் உண்டு: டிசம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை நீளும் பெரிய வறட்சி, ஜூன், ஜூலையில் இடையிடையே வரும் சிறிய வறட்சி. சீனப் புத்தாண்டுச் சந்தையைக் குறிவைத்துக் கோபிசும் சவியும் போடுபவர்கள், பெரிய வறட்சியின் நடுவிலேயே அறுவடை செய்கிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். விலை நன்றாகக் கிடைக்கும் காலமும் புழு அதிகமாகும் காலமும் ஒன்றாகவே வருகின்றன.

மழை பெய்யும் நேரமும் கணக்கில் சேரும். வைரமுதுகு அந்துப்பூச்சி பொழுது சாயும் வேளையில் பறந்து, இணைசேர்ந்து, முன்னிரவில் முட்டையிடுகிறது. பருவம் மாறும் மாதங்களின் மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் வருவதால் அந்த நேரத்தையே கெடுத்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் அடிக்கும் சுமத்ராப் புயற்காற்று மழை புழுக்களை உதிர்க்கும். ஆனால் முந்தைய மாலையில் முட்டையிட்டு முடித்துவிட்ட பூச்சியைத் தடுக்காது. எனவே குறிப்பேட்டில் எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் எழுதினால் போதாது. காலையா, மாலையா, இரவா என்ற ஒரு சொல்லையும் சேர்த்தெழுதுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் நிலத்து மழையை நீங்களே அளந்துகொள்ளுங்கள்

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா செயலியில் வரும் முன்னறிவிப்பு பயனுள்ளதே. ஆனால் பாயான் லெப்பாசில் கொட்டிய மழை பாலிக் பூலாவில் தூறலாக முடிவதும், தீவு நனையும்போது நிபோங் திபால் காய்வதும் இங்கே அன்றாட நிகழ்ச்சி. நடுவில் மலை இருக்கிறது, கடல் இருக்கிறது. ஆகவே முன்னறிவிப்பை அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெய்ததை உங்கள் நிலத்திலேயே அளந்துகொள்ளுங்கள்.

மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம் கொண்ட நேரான டின் எதுவும் மழைமானியாகும். அதை மரநிழலும் கூரைச்சாரலும் இல்லாத இடத்தில், முழங்கால் உயரக் கம்பத்தில் கட்டி, தினமும் காலை ஒரே நேரத்தில் அளவுகோலை உள்ளே விட்டு நீர்மட்டத்தைப் படித்து, பிறகு கொட்டிவிடுங்கள். டின்னின் வாய் அகலமா குறுகலா என்பது கணக்கை மாற்றாது. வாயும் அடியும் ஒரே அளவாக இருந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர்.

அந்தக் குறிப்பிலிருந்து நீங்கள் தேட வேண்டியது மாத மொத்தத்தை அல்ல, தொடர்ச்சியாக மழையற்றுப் போன நாள்களை. இலையைக் கழுவும் அளவுக்கு மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் கேள்வி. ஓரிரண்டு மில்லிமீட்டர் தூறல் புழுவை அசைக்காது. அதை மழையற்ற நாளாகவே எண்ணுவது என் வழக்கம். பத்து நாள் கடந்துவிட்டால் பாத்தியைப் பார்க்கும் தடவைகளை இரட்டிப்பாக்க வேண்டும்.

நான்காம் படி: ஒரு தலைமுறைக்கு எத்தனை நாள் என்று கணக்கிடுங்கள்

பத்து நாள் என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை வெப்பக் கணக்கில் இருக்கிறது. பூச்சியின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைச் சார்ந்திருப்பதால், ஒரு குறைந்தபட்ச வெப்பநிலைக்கு மேல் சேரும் ஒவ்வொரு பாகையும் அதன் வளர்ச்சிக்குப் போகிறது. இதைப் பாகை-நாள் என்பார்கள். அன்றைய அதிக வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்து, அந்தப் பூச்சிக்குரிய குறைந்தபட்ச அளவைக் கழித்தால் அன்றைய பாகை-நாள் கிடைக்கும். வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு அந்தக் குறைந்தபட்சம் சுமார் 7 பாகை. முட்டை முழுப் பூச்சியாவதற்கு ஏறத்தாழ 280 பாகை-நாள்கள் சேர வேண்டும்.

பினாங்கில் ஒரு நாளின் அதிகபட்சம் 32, குறைந்தபட்சம் 24 என்றால் சராசரி 28. ஏழைக் கழித்தால் 21. 280-ஐ 21-ஆல் வகுத்தால் பதின்மூன்று நாள். இதே கணக்கைச் சராசரி 18 பாகையில் நிற்கும் கேமரன் மலைக்குப் போட்டால் நாளுக்கு 11 மட்டுமே சேர்வதால், ஒரு தலைமுறைக்கு இருபத்தைந்து நாள் ஆகிறது. நடவிலிருந்து அறுவடை வரை ஏறத்தாழ ஒரு மாதமே ஆகும் சவியில், கேமரனில் ஒரு தலைமுறை வருவதற்குள் இங்கே இரண்டு தலைமுறை வந்துவிடும். ஒரு பெண்பூச்சி நூறுக்கு மேல் முட்டையிடக்கூடியது என்பதையும் சேர்த்துக்கொண்டால், முதல் தலைமுறையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தது இரண்டாம் தலைமுறையில் பாத்தியையே மூடிவிடுவதில் வியப்பில்லை. மழையற்ற பத்து நாள் என்பது ஒரு தலைமுறையின் பெரும்பகுதி அடிபடாமல் வளர்ந்துவிடும் காலம்; அதனால்தான் எல்லையை அங்கே வைத்தேன்.

படைப்புழுவுக்கு 28 பாகை வெப்பத்தில் ஒரு வாழ்க்கைச் சுற்றுக்கு ஏறத்தாழ 30 நாள் ஆகும். முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். பொறியில் பூச்சி விழுந்த நாளிலிருந்து நான்கைந்து நாளில் குருத்தைப் பார்க்கப் போக வேண்டும் என்பதே இந்தக் கணக்கின் நடைமுறைப் பயன்.

வெப்பம் கூடக்கூடப் பூச்சியும் கூடும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது முழு உண்மையல்ல. ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு மேல்வரம்பு உண்டு. பகல் முழுதும் 35 பாகைக்கு மேல் நின்றால் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுக்களில் பல செத்துப்போகும். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை பதிவானது போன்ற கடும் எல் நினோ வெக்கையில் பூச்சிக்கு முன் பயிரே வாடிவிடும். உலகம் சூடேறுவதால் உடனடி ஆதாயம் அடையப்போவது நம் தாழ்நிலத்துப் பூச்சியைவிடக் கேமரன் மலைப் பூச்சிதான் என்பது என் கருத்து. அங்கே ஒவ்வொரு பாகை உயர்வும் ஆண்டுக்குக் கூடுதல் தலைமுறையாக மாறக்கூடும்.

ஐந்தாம் படி: பொறி வையுங்கள், ஆனால் பொறியை முழுக்க நம்பிவிடாதீர்கள்

ஆண்பூச்சியை ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறி, குறிப்பிட்ட ஓர் இனத்தை மட்டும் பிடிப்பதால் புதியவர்களுக்கு ஏற்றது. பயிரின் உயரத்துக்குச் சற்று மேலே தொங்கவிட்டு, பயிர் வளர வளர உயர்த்திக்கொண்டே போக வேண்டும். கவர்ச்சிக் குப்பியை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். பிப்ரவரி வெயிலில் அது விரைவாக ஆவியாகிவிடும் என்பதால் முன்னதாகவே மாற்றிவிடுவது நல்லது. மீதமுள்ள குப்பிகளைக் குளிர்பெட்டியில் வைக்கலாம். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பொறியில் விழும் எண்ணிக்கையைப் படிக்கும்போது அன்றிரவு வானிலையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பலத்த மழையும் காற்றும் உள்ள இரவில் பூச்சி பறக்காது. அன்று எண்ணிக்கை குறைந்திருப்பது பூச்சி ஒழிந்தது என்பதற்கு அடையாளம் அல்ல. விளக்குப் பொறி வைத்திருப்பவர்கள் பௌர்ணமியையும் நினைவில் வைக்க வேண்டும். நிலவொளியில் விளக்கின் ஈர்ப்பு மங்கிவிடுவதால், நிறைமதி இரவுகளில் பூச்சி குறைவாகவே விழும். அமாவாசையில் ஐம்பது விழுந்து பௌர்ணமியில் பத்து விழுந்தால் அதை வீழ்ச்சி என்று எழுதிவிடாமல், அமாவாசையை அமாவாசையோடும் பௌர்ணமியைப் பௌர்ணமியோடும் ஒப்பிடுங்கள். நாட்காட்டியில் திதி பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இருப்பது இங்கே கைகொடுக்கிறது.

ஆறாம் படி: செடியின் முன்னால் உட்காருங்கள்

மழைக் குறிப்பும் பொறியும் எப்போது பார்க்க வேண்டும் என்றுதான் சொல்லும். என்ன செய்ய வேண்டும் என்பதைச் செடிதான் சொல்லும். பாத்தியின் ஓரத்திலேயே நின்றுவிடாமல், குறுக்கும் நெடுக்குமாகக் கோணலாக நடந்து, இருபது செடிகளையாவது பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நடுவிலுள்ள இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தில் முட்டை, புழு, சல்லடைத் துணி போன்ற மெல்லிய கூட்டுப்புழு உறை ஆகிய மூன்றையும் தனித்தனியாக எண்ணி எழுதுங்கள். முட்டையும் சிறு புழுவும் மிகுந்திருந்தால் செயல்பட ஏற்ற நேரம் அதுவே. கூட்டுப்புழு உறைகளே மிகுந்திருந்தால் தெளிப்பது வீண். அடுத்த தலைமுறையின் முட்டை பொரியும் வரை ஐந்தாறு நாள் காத்திருக்க வேண்டும்.

புழுக்களுக்கு நடுவே, அரிசியைவிடச் சிறிய வெள்ளை உறை தென்பட்டால் அதை நசுக்கிவிடாதீர்கள். புழுவின் உடலிலேயே வளர்ந்து அதைக் கொன்றுவிட்டு வெளிவந்த ஒட்டுண்ணிக் குளவியின் கூடு அது. 1970களில் கேமரன் மலைக்குக் கொண்டுவரப்பட்ட டயடெக்மா குளவி குளிரை விரும்புவது. நம் தாழ்நில வெக்கைக்கு ஏற்றது கொட்டீசியா குளவி. பரந்துபட்டுக் கொல்லும் பூச்சிமருந்தைக் கண்டபடி அடித்த நிலத்தில் இந்த வெள்ளை உறைகள் காணாமற்போய்விடும். வறட்சியில் புழு கட்டுமீறுவதற்கு மழையின்மைக்கு அடுத்த காரணம் பெரும்பாலும் இதுவே.

ஏழாம் படி: வானிலைக்கேற்றபடி செயல்படுங்கள்

வறண்ட வாரத்தில் முதலில் செய்யக்கூடியது, இல்லாத மழையை நீங்களே தருவது. பொழுது சாயும் வேளையில் தெளிப்பான் கொண்டு செடிகளின் மேல் நீர் பாய்ச்சினால் அந்துப்பூச்சி இணைசேர்வதும் முட்டையிடுவதும் தடைப்படுகின்றன. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இலை இரவு முழுதும் ஈரமாக இருந்தால் கோபிசில் கறுப்பழுகல் போன்ற நோய்கள் பரவும். ஆகவே குறைந்த நேரம், விட்டுவிட்டுத் தெளிப்பதே போதும். பினாங்கின் குழாய் நீரில் பெரும்பங்கு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. கடும் வறட்சியில் நீர்ப் பயன்பாட்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வார்கள். அதனால் மழைக்காலத்திலேயே ஒரு தொட்டியில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் இந்த முறை உதவும். சிறு பாத்திகளுக்கு மெல்லிய கண் கொண்ட பூச்சிவலை இதைவிட எளிது. நாற்று நட்ட அன்றே போட வேண்டும், பூச்சி உள்ளே வந்த பிறகு போட்டால் அதற்குக் காவல் போட்டதாகிவிடும்.

மருந்து தேவைப்பட்டால் புதியவர்கள் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்திலிருந்து தொடங்குவது நல்லது. பீட்டி என்று கேட்டால் கடையில் தெரியும். புழு அதைத் தின்றால்தான் சாகும். ஆகவே இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அதைச் சில நாள்களில் சிதைத்துவிடுவதால், மாலை ஐந்து மணிக்குப் பிறகு அடிப்பதே முறை. இங்கேதான் வானிலைச் செயலியைத் திறந்து பார்க்க வேண்டும்: அன்றிரவு இடிமழை வரும் என்றால் அடிக்காதீர்கள். பணமும் போகும், மழை அந்த வேலையை இலவசமாகச் செய்துவிடவும் கூடும். பீட்டி மருந்துக்கே வயல்வெளியில் முதன்முதலில் எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட பூச்சி வைரமுதுகு அந்துப்பூச்சிதான் என்பதால், ஒரே மருந்தை அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு அடிக்கக் கூடாது. முன்பு போட்ட கணக்குப்படி பதின்மூன்று நாளுக்கு ஒரு தலைமுறை; ஒரு தலைமுறைக்கு ஒரு வகை மருந்து, அடுத்ததற்கு வேறு வகை என்று மாற்றிக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் 1974-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவு எண் அச்சிட்ட போத்தலாக இருக்க வேண்டும். அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை மருந்து என்று கிழமை பார்த்து அடிப்பவர்களை நம் பக்கத்தில் இன்னும் காணலாம். அக்டோபர் மழையில் அவர்கள் அடிப்பதில் பாதி வாய்க்காலில்தான் போகிறது.

மழைக்காலத்தில் வேலை வேறு மாதிரி. ஈரம் தொடரும் வாரங்களில் புழுக்களைப் பூஞ்சைகளும் வைரசுகளும் தாக்குகின்றன. வெளிறி, இலையோடு ஒட்டி, மாவு பூசியது போல் செத்துக் கிடக்கும் புழு பூஞ்சையால் மாண்டது. தலைகீழாகத் தொங்கி, உடல் கருத்து உருகிப்போயிருப்பது பெரும்பாலும் வைரசால் மாண்டது. இவற்றை அப்புறப்படுத்தாமல் விட்டுவிடுங்கள்; நோய் மற்றப் புழுக்களுக்கும் பரவட்டும். பூஞ்சைக்கொல்லி அடிக்கும்போது இந்த நன்மையும் சேர்ந்து குறைகிறது என்பது பலர் கவனிக்காத செய்தி.

நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் பெருமழை தனிக் கவனத்துக்குரியது. வறட்சியில் புழுவைத் தின்னும் எதிரிப் பூச்சிகளும் புழுவைத் தாக்கும் நோய்க்கிருமிகளும் குறைந்திருக்கும். மழை வந்ததும் புல்லும் பயிரும் தளிர்விடும். அந்தத் தளிரில் படைப்புழு இனங்கள் திடீரெனப் பெருகும். ஆப்பிரிக்கப் படைப்புழுவின் (மக்காச்சோளப் படைப்புழுவுக்கு உறவான வேறோர் இனம் இது) பெருந்தாக்குதல்கள் இவ்வகையில்தான் நிகழ்வது வழக்கம். ஏப்ரலில் முதல் மழைக்குப் பிறகு வரும் இரண்டு வாரத்தில் வரப்புப் புல்லையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

நெல் வயலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு

பெனாகா, கெப்பாலா பத்தாஸ் பக்கம் நிலம் எடுத்தவர்களுக்கு மஞ்சள் தண்டு துளைப்பான் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். நெற்பயிரின் நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிட்டால் அதுவே. கதிர் வந்த பிறகு தாக்கினால் மணியில்லாத வெண்கதிர் நிமிர்ந்து நிற்கும். இதன் புழு தண்டுக்குள் இருப்பதால் மழைத்துளி அதைத் தொடாது. ஆனாலும் மழை வேறு வழியில் இதை ஆட்டிவைக்கிறது. மழை பிந்தி, பாசன நீர் பிந்தி, ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாரத்தில் நட்டால், துளைப்பானுக்கு இளம்பயிர் மாதக்கணக்கில் தொடர்ந்து கிடைக்கிறது. ஒரு வயலில் வளர்ந்த தலைமுறை அடுத்த வயலுக்குப் போகிறது. ஆகவே நீர் அட்டவணையை அறிவிக்கும்போது அண்டை வயல்காரர்களோடு ஒரே நேரத்தில் நடுவதும், அறுவடைக்குப் பின் தாளை உழுது மடக்குவதும் எந்த மருந்தையும்விடப் பலன் தரும்.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. இலைச் சுருட்டுப் புழுவின் அந்துப்பூச்சிகள் பருவக்காற்றோடு நாடு விட்டு நாடு போகின்றன. படைப்புழுவின் அந்துப்பூச்சி சாதகமான காற்றில் ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் வரை பறக்கக்கூடும். செம்பனை மரங்களுக்கு அருகில் இருப்பவர்கள் பைப்புழுவையும் காண்பார்கள். காய்ந்த இலைத்துணுக்குகளால் பை கட்டி அதற்குள் வாழும் இதன் பெண்பூச்சிக்குச் சிறகு கிடையாது. பொரித்த குஞ்சுகள் நூலில் தொங்கி, வறண்ட காற்றில் மரத்துக்கு மரம் மிதந்து போகின்றன. அதனால் மழை குறைந்த மாதங்களில் இதன் பரவல் விரைவாகும்.

குறிப்பேட்டை எப்படி வைத்துக்கொள்வது

ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் என்று ஐந்து பத்திகள் போட்டால் போதும்: மழை அளவு, மழை பெய்த நேரம், பொறியில் விழுந்த எண்ணிக்கை, செடியில் கண்ட முட்டையும் புழுவும் உறையும், அன்று செய்த வேலை. நிலவின் நிலையைப் பக்கத்தின் மூலையில் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தையும் விடாமல் எழுதுங்கள். 2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கை மூழ்கடித்தது போன்ற பெருமழைக்குப் பிறகு, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருந்தவை மூழ்கிச் சாவதால் சில வாரங்களுக்குப் படைப்புழு குறையக்கூடும். மண்ணில் வாழும் எதிரிப் பூச்சிகளும் அதேபோல் குறைந்திருக்கும் என்பதால் அடுத்த சுற்றை அலட்சியமாக விட முடியாது.

அடையாளம் தெரியாத புழுவைக் கண்டால், அது தின்ற இலையோடு சேர்த்து மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் போட்டு, மாவட்ட விவசாயத் துறை அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். வட செபராங் பிறையில் இருப்பவர்களுக்கு கெப்பாலா பத்தாஸ் பக்கம் மார்டி என்ற அரசு வேளாண் ஆராய்ச்சி அமைப்பின் நிலையமும் இருக்கிறது. புழுவை மட்டும் கொண்டுபோனால் எந்தப் பயிர், எந்த நாள், கடைசி மழை எப்போது என்று கேட்பார்கள். குறிப்பேட்டையும் உடன் எடுத்துப் போங்கள்.